பாட்டுக் காசை பில்லில் தனி வரியாகக் காட்டுங்கள்: டிராய்க்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் கும்பகோணம் வட்டாரத்தில் கேபிள் டிவியும் ஃபைபர் இணைப்பும் கொடுக்கும் உள்ளூர் ஆபரேட்டர். பெரிய நிறுவனத்தின் பெயரில் தெருவுக்குத் தெரு ஒயர் இழுப்பது, வீட்டில் பெட்டி மாட்டுவது, மழைக்காலத்தில் அறுந்த ஃபைபரை ஒட்டுவது, மாதம் பிறந்தால் வீடு வீடாகப் போய்க் காசு வாங்குவது எல்லாம் எங்கள் வேலை. பில் போடுவது மட்டும் அவர்கள் கையில். அந்த பில்லுக்குள் சத்தமில்லாமல் ஏறியிருக்கும் பாட்டுக் காசைப் பற்றித்தான் இந்த மடல்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு இணைய பில்லோடு பாட்டுக்கும் காசு வாங்குவதை நான் எதிர்க்கவில்லை. வாங்கலாம், வாங்குவது நல்லது என்றுகூட நினைக்கிறேன். ஆனால் எவ்வளவு என்று தனி வரியில் காட்ட வேண்டும். வேண்டாம் என்கிற வீட்டுக்கு அந்தக் காசு பில்லில் குறைய வேண்டும். கொடுக்கிற வீடு யாருடைய பாட்டைக் கேட்டதோ அவருக்கு அது போய்ச் சேர வேண்டும். இன்று இதில் ஒன்றும் நடப்பதில்லை.

எங்கள் பகுதியில் நிறையப் பேர் எடுக்கும் பிளான் மாதம் 599 ரூபாய். பில்லைத் திறந்தால் மாதக் கட்டணம் 599.00, சிஜிஎஸ்டி 9 சதவீதம் 53.91, எஸ்ஜிஎஸ்டி 9 சதவீதம் 53.91, ஆக மொத்தம் 706.82. பில் அவ்வளவுதான். விளம்பரத் தாளிலோ அதே பிளானுக்குக் கீழே வேகம், டேட்டா, படம் பார்க்கும் ஆப்கள், பாட்டு கேட்கும் ஆப் என்று வரிசையாக அச்சடித்திருக்கிறார்கள். அந்த 599-ல் லைனுக்கு எவ்வளவு, படத்துக்கு எவ்வளவு, பாட்டுக்கு எவ்வளவு? கஸ்டமர் கேட்டால் என்னால் சொல்ல முடியாது. நிறுவனத்து ஏரியா மேனேஜரைக் கேட்டால், "அது ஃப்ரீ சார், சேர்த்துக் கொடுக்குறோம்" என்கிறார். பாட்டின் உரிமையை வைத்திருக்கும் கம்பெனிக்குக் காசு கொடுக்காமல் ஒரு பாட்டும் ஆப்பில் ஏறாது. அந்தக் காசு எங்கள் கஸ்டமர் கட்டும் 599-லிருந்துதான் போகிறது. வேறு எங்கிருந்து வரும்?

இது ஒரு நிறுவனத்தோடு நிற்கிற பழக்கம் இல்லை. 2018-ல் ஜியோ தன் பாட்டு ஆப்பை சாவன் என்ற இன்னொரு பாட்டு ஆப்போடு இணைத்து ஜியோசாவன் ஆக்கியது. ஏர்டெல் பல ஆண்டுகள் விங்க் மியூசிக் என்ற பாட்டு ஆப்பை நடத்தியது; 2024-ல் அதை மூடுவதாக அறிவித்து ஆப்பிளோடு கைகோத்தது. லைன் விற்கிறவரே பாட்டுக் கடையும் வைத்திருக்கிறார், அல்லது பாட்டுக் கடைக்காரரோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறார். கடையை எப்போது திறப்பது, எப்போது மூடுவது, எந்தக் கடைக்கு நம்மை மாற்றுவது எல்லாம் அவர் முடிவு. காசு கட்டுகிற வீட்டுக்கு அதில் ஒரு வார்த்தை சொல்லவும் இடமில்லை.

சரி, வீட்டுக்காரர்களின் குறையைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு இன்னொரு பக்கமும் தெரியும் என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன். என் ஃபைபர் போகும் தெருக்களில் நாயனக்காரர்கள் வீடும் தவில்காரர்கள் வீடும் உண்டு. நரசிங்கம்பேட்டை எங்களுக்குப் பக்கம். அங்கே ஆச்சா மரத்தில் செய்யும் நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கருவிக்கு ஒரு பாதுகாப்பு வந்தது. வாசிக்கிறவரின் பதிவுக்கு அப்படி ஒன்றும் வரவில்லை.

என் கஸ்டமர்களில் ஒரு பெரியவர். கேசட் காலத்தில் ஒரு ஆடியோ கம்பெனிக்கு மல்லாரியும் சில கீர்த்தனைகளும் வாசித்துக் கொடுத்தவர். மொத்தமாக ஒரு தொகை, ஸ்டாம்ப் பேப்பரில் ஒரு கையெழுத்து, போக வர பஸ் காசு. அந்தப் பதிவு இன்று ஆப்பில் இருக்கிறது. நாயன செட் வைக்க வசதியில்லாத வீட்டு விசேஷங்களில் அதைத்தான் ஸ்பீக்கரில் போடுகிறார்கள். ஒரு நாள் பேரன் அதைத் தேடிப் பிடித்து அவருக்குப் போட்டுக் காட்டினான். ரவுட்டரைச் சரிபார்க்கப் போயிருந்த நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் கொஞ்ச நேரம் கேட்டார். போனை வாங்கித் திரையைப் பார்த்தார். அதில் "மங்கள இசை, நாதஸ்வரம்" என்று இருந்தது. ஆடியோ கம்பெனியின் பெயர் இருந்தது. அவர் பெயர் இல்லை, தவில் வாசித்த அவர் தம்பி பெயரும் இல்லை. "இதுக்கு யாருப்பா காசு வாங்குறா?" என்று என்னைத்தான் கேட்டார். மாதா மாதம் அந்த வீட்டில் காசு வாங்குகிறவன் நான்தானே.

தன் வாசிப்பைத் தன் வீட்டில் கேட்பதற்கு அவர் காசு கட்டுகிறார். அதில் அவருக்கு ஒரு பைசாவும் திரும்பி வருவதில்லை. பழைய ஒப்பந்தமா புதிய ஒப்பந்தமா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. சட்டத்தின் மனது எந்தப் பக்கம் என்பது 2012 பதிப்புரிமைத் திருத்தத்திலேயே தெரிகிறது. வாசித்தவரின், பாடியவரின் பதிவை வணிகத்துக்குப் பயன்படுத்தினால் அவருக்கு ராயல்டி உண்டு என்று 38ஏ பிரிவு சொல்கிறது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. வாரிசுக்கோ, ராயல்டியை வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் கொடுக்கலாம். இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் போன்றவர்கள் நாடாளுமன்றத்துக்கு உள்ளேயும் வெளியேயும் போராடித்தான் அது வந்தது. சட்டம் வந்துவிட்டது. காசு போகும் வழிதான் இன்னும் மூடியே இருக்கிறது. அந்த வழியின் பெரிய பகுதி உங்கள் ஆணையத்தின் கண்காணிப்பில் இருக்கும் பில் வழியாகப் போகிறது என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

வீட்டுக்கு இவ்வளவு என்று பாட்டுக்காகக் காசு கட்டுவது நம் ஊருக்குப் புதிது இல்லை. ரேடியோ வைத்திருந்தால் தபால் ஆபீஸில் லைசென்ஸ் புத்தகம் எடுத்து வருஷா வருஷம் பணம் கட்ட வேண்டியிருந்தது; 1980-களின் நடுவில்தான் அது ஒழிந்தது. அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போனது. அரசாங்கத்தின் வானொலி நிலையம் கலைஞர்களைத் தேர்வு வைத்துத் தரம் பிரித்து, வாசித்த நிகழ்ச்சிக்குக் கட்டணம் கொடுத்தது. 1939-ல் தொடங்கிய திருச்சி வானொலி எங்கள் பக்கத்து நாயனக்காரர்களுக்கு எவ்வளவு பெரிய ஆதரவு என்பதை அந்தக் குடும்பங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வாசித்தவர் பெயரை நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் சொன்னார்கள். செக் வந்தது. குறைகள் இருந்திருக்கும். ஆனால் வீடு கொடுத்த காசுக்கும் கலைஞர் கைக்குப் போன காசுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

அடுத்தது காலர் டியூன். தொலைபேசி பில் வழியாகப் பாட்டுக் காசு வாங்கிய பெரிய அனுபவம் நம் நாட்டுக்கு அதுதான். அதிலிருந்து கற்றுக்கொள்ளாமல் அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. மாதம் 30 ரூபாய். யாருக்கோ போன் செய்யும்போது கேட்கும் பாட்டு பிடித்திருந்தால் ஸ்டாரை அழுத்துங்கள் என்றது ஒரு குரல், அழுத்தினால் வந்துவிட்டது. அழுத்தாமலும் வந்தது என்று புகார் சொன்னவர்கள் எத்தனையோ பேர். 50 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்த பாட்டிக்கு மறுநாள் 20 ரூபாய்தான் பாக்கி இருக்கும். ஏன் என்று அவருக்குத் தெரியாது. அவருடைய போனில் என்ன பாட்டு ஓடுகிறது என்பதும் தெரியாது, ஏனென்றால் அது அவருக்குக் கேட்காது, அவரைக் கூப்பிடுகிறவர்களுக்குத்தான் கேட்கும்.

நீங்கள் அப்போது தலையிட்டீர்கள். 2011-லும் 2013-லும் உத்தரவு போட்டு, கஸ்டமர் இரண்டு முறை சம்மதம் சொன்னால்தான் இப்படிப்பட்ட சேவையைத் தொடங்கலாம் என்றீர்கள். நிறுத்துவதற்கு 155223 என்று எல்லா நிறுவனத்துக்கும் பொதுவாக ஒரு எண் வந்தது. அந்த எண்ணை நானே எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிடுங்கப்பட்ட காசு அதோடு பெரும்பாலும் நின்றது. அதற்கு நன்றி. ஆனால் அந்த 30 ரூபாயில் பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் பாடியவருக்கும் எவ்வளவு போனது என்ற கேள்வியை அந்த உத்தரவுகள் தொடவில்லை. பெரும் பங்கு தொலைபேசி நிறுவனத்திடமே நின்றது என்பது அந்தத் தொழிலில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பாட்டால் வந்த காசு, பாட்டுக்காரருக்குப் போகவில்லை.

இணைய பிளானோடு பாட்டையும் சேர்த்துக் கட்டி விற்கும் இன்றைய 'பண்டில்' முறை காலர் டியூனைவிட ஒரு விதத்தில் மோசம். காலர் டியூனுக்கு 30 ரூபாய் என்று ஒரு எண்ணாவது கண்ணில் பட்டது. அதனால்தான் கோபம் வந்தது, புகார் போனது, நீங்கள் உத்தரவு போட முடிந்தது. இப்போது எண்ணே இல்லை. எண் இல்லாத இடத்தில் யாரும் புகார் எழுத முடியாது.

தனி வரி போட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. இதை நான் கேபிள்காரனாகச் சொல்கிறேன். 2019 பிப்ரவரியில் உங்கள் புதிய சேனல் கட்டண முறை வந்தபோது வீடு வீடாக லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு போனவர்கள் நாங்கள். 100 சேனலுக்கு 130 ரூபாய், வரியோடு 153.40. அதற்கு மேல் வேண்டிய சேனலை மட்டும் தேர்ந்தெடுங்கள், ஒவ்வொன்றுக்கும் விலை போட்டிருக்கிறது என்று சொல்லித் திண்ணையில் உட்கார்ந்து டிக் அடிக்க வைத்தோம். நல்ல நோக்கம்தான். ஆனால் சேனல் கம்பெனிகள் என்ன செய்தன? தனியாக எடுத்தால் 19 ரூபாய் என்று ஒரு சேனலுக்கு விலை வைத்துவிட்டு, அதையே பத்துப் பன்னிரண்டு சேனலோடு சேர்த்துக் கட்டி, தனித்தனி விலையைக் கூட்டினால் வருவதில் ஒரு சிறு பங்குக்குக் கொடுத்தன. இரண்டு சேனல் மட்டும் போதும் என்ற வீடு, பேக்கேஜே மலிவாக இருக்கிறதே என்று பேக்கேஜை எடுத்தது. தேர்ந்தெடுக்கும் உரிமை காகிதத்தில் இருந்தது, கணக்கில் இல்லை. இதைப் பிறகு உங்கள் ஆலோசனை அறிக்கையிலேயே பேசினீர்கள், திருத்தங்களும் கொண்டுவந்தீர்கள்.

அதனால் கேட்கிறேன். இணைய பில்லில் "பாட்டு: 20 ரூபாய்" என்று வரி வந்துவிட்டு, அதை எடுத்துவிட்டாலும் பில் 599-லேயே நின்றால் அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. வேண்டாம் என்றால் 579 ஆக வேண்டும். அதுதான் சோதனை. பாட்டு வேண்டாதவர் யார் என்று கேட்காதீர்கள். காது கேளாதவர் வீடு இருக்கிறது, வேறு ஆப்புக்குத் தனியாகக் காசு கட்டுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், பென்ஷன் காசில் வீடியோ காலுக்காக மட்டும் லைன் வாங்கிய வயதானவர்கள் இருக்கிறார்கள், ஜெராக்ஸ் கடை இருக்கிறது.

இது உங்களால் முடியாத காரியமும் இல்லை. 2024 டிசம்பரில், டேட்டா வேண்டாம், பேசினால் போதும் என்கிறவர்களுக்காகப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள ரீசார்ஜை எல்லா நிறுவனமும் வைத்தாக வேண்டும் என்று விதி கொண்டுவந்தீர்கள். எங்கள் ஊரில் பட்டன் போன் வைத்திருக்கும் எவ்வளவோ பேருக்கு அது உதவி. வேண்டாத டேட்டாவை ஒருவர் தலையில் கட்டக் கூடாது என்றால், வேண்டாத பாட்டையும் கட்டக் கூடாது. அதற்கும் முன்னால், 2016 பிப்ரவரியில், டேட்டாவுக்கு ஆப்பைப் பார்த்து விலை வைக்கக் கூடாது என்று நீங்கள் போட்ட விதியை இந்த நாடு மறக்கவில்லை. ஒரு பாட்டு ஆப்புக்கு மட்டும் டேட்டா இலவசம் என்று சொல்லியிருந்தால் அன்றே தடுத்திருப்பீர்கள். இப்போது டேட்டாவுக்குப் பதில் சந்தாவையே இலவசம் என்கிறார்கள். சிறிய ஆப் நடத்துகிறவரும், தன் பாட்டைத் தானே விற்க நினைக்கும் கலைஞரும் படுகிற கஷ்டம் இரண்டிலும் ஒன்றுதான். வாசலிலேயே ஒரு கடை சும்மா கிடைக்கும்போது அடுத்த கடைக்கு யார் நடப்பார்கள்?

இனி காசைப் பிரிக்கும் முறைக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியம், இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

பெரிய பாட்டு ஆப்களில் பொதுவாக நடப்பது இது. எல்லோரிடமும் வாங்கிய காசை ஒரே இடத்தில் கொட்டி, எல்லோரும் கேட்ட மொத்த எண்ணிக்கையால் வகுத்து, ஒரு பாட்டு எத்தனை முறை ஓடியதோ அதற்கேற்ப கொடுக்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வீடு, ஒரு துணிக்கடை. இரண்டும் பாட்டுக்கு மாதம் 20 ரூபாய் கட்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் ஒரு மாதத்தில் 100 முறை நாகஸ்வரம் ஓடுகிறது. கடையில் காலை முதல் ராத்திரி வரை புதுப்பட ஹிட் 1,900 முறை ஓடுகிறது. மொத்தக் காசு 40 ரூபாய், மொத்த ஓட்டம் 2,000. ஒரு ஓட்டத்துக்கு 2 பைசா. நாகஸ்வரத்துக்கு 2 ரூபாய் போகும், புதுப்படப் பாட்டுக்கு 38 ரூபாய் போகும். அந்த வீடு கொடுத்த 20 ரூபாயில் 18 ரூபாய், அந்த வீடு ஒரு முறையும் கேட்காத பாட்டுக்குப் போய்விட்டது. வீட்டுக்கு வீடு தனியாகப் பிரித்தால் வீட்டின் 20 ரூபாய் முழுக்க நாகஸ்வரத்துக்கே போயிருக்கும், கடையின் 20 ரூபாய் முழுக்கப் படப் பாட்டுக்குப் போயிருக்கும். யாருக்கும் அநியாயம் இல்லை.

இது கற்பனை இல்லை. சவுண்ட்கிளவுட் என்ற பாட்டு ஆப் 2021-லிருந்து, தன்னிடம் நேரடியாகப் பதிவேற்றும் கலைஞர்களுக்கு, கேட்பவரின் காசை அவர் கேட்டவருக்கே பிரித்துக் கொடுக்கும் முறையை நடத்துகிறது. ஸ்பாட்டிஃபையோ 2024 முதல், 12 மாதத்தில் 1,000 முறைகூட ஓடாத பதிவுக்குக் காசே கிடையாது என்று விதி வைத்தது. திருமங்கலக்குடித் தெருவில் ஒருவர் பாடிய தேவாரம் வருஷத்தில் 700 முறை ஓடியிருந்தால் அதற்கு ஒன்றுமில்லை. ஓடிய 700 முறையும் யாரோ காசு கட்டித்தான் கேட்டிருக்கிறார்கள்.

நம் தமிழ்ப் பாட்டின் வகைகளை நினைத்துப் பாருங்கள். படப் பாட்டு இருக்கட்டும், அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். அதற்கு வெளியே நாகஸ்வரம், ஓதுவார் பாடும் தேவாரம், வில்லுப்பாட்டு, பறை, சென்னைக் கானா, நாட்டார் பாட்டு, வேளாங்கண்ணி யாத்திரைப் பாட்டு, நாகூர் தர்கா பாட்டு. ஒவ்வொன்றுக்கும் உறுதியான வீடுகள் உண்டு. அந்த வீடுகள் கூட்டமாக இல்லை, ஆனால் விடாமல் கேட்கிறவை. ஒரே குளத்தில் கொட்டிப் பிரிக்கும் முறையில் அந்த வீடுகளின் காசு முழுக்க வேறு பக்கம் ஓடிவிடுகிறது. வீட்டு வாரியாகப் பிரித்தால் அவரவர் கலைஞருக்கு அவரவர் வீடு சோறு போடும்.

தொகை சிறிது என்று தோன்றலாம். நாட்டில் ஒயர் வழி இணைய இணைப்பு சுமார் 4 கோடி. எல்லா வீடும் ஒத்துக்கொண்டு 20 ரூபாய் கொடுத்தால் மாதம் 80 கோடி, வருஷம் 960 கோடி. பாதி வீடுகள் வேண்டாம் என்றாலும் 480 கோடி. அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. 960 கோடிக்கு அரசுக்கு வரி மட்டும் 172 கோடிக்கு மேல் வரும். வரி வாங்கும் அரசுக்குத் தன் பங்கு கடைசிப் பைசா வரை தெரியும், பாடியவருக்குத் தெரியாது என்பது நியாயமா?

வரியைப் பேசும்போது இன்னொன்று. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் மொத்த வருவாயில் எதையெல்லாம் சேர்த்து உரிமக் கட்டணம் போடுவது என்பது பல ஆண்டு வழக்கானது, 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, 2021-ல் அரசு தொலைத்தொடர்பு அல்லாத வருமானத்தை இனிமேல் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தது, எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. பாட்டுக் காசு நிறுவனத்தின் வருமானமே இல்லை, கைமாற்றிக் கொடுக்கும் காசு என்று எழுத்தில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு உரிமக் கட்டணத்தையே காரணம் காட்டிப் பாட்டுக் காசில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்வார்கள்.

வெளிநாடுகளில் இதைப் பல விதமாக முயன்றிருக்கிறார்கள். பிரான்சில் 2005 டிசம்பரில், மாதாமாதம் ஒரு தொகை கட்டினால் இணையத்தில் பாட்டை இறக்கிக்கொள்ளலாம் என்று நாடாளுமன்றக் கீழவை வாக்களித்தது. 2006 மார்ச்சில் அதையே திரும்ப எடுத்துக்கொண்டது. கனடாவில் பாடலாசிரியர்கள் சங்கமே 2007-ல் ஒவ்வொரு இணைய இணைப்புக்கும் மாதம் 5 டாலர் என்று யோசனை சொன்னது. 2008-ல் வார்னர் மியூசிக் என்ற பாட்டுக் கம்பெனி அதே 5 டாலர் கணக்கோடு ஜிம் கிரிஃபின் என்பவரை அமர்த்தி அமெரிக்காவில் முயன்றது. அதை எதிர்த்தவர்கள் இது எல்லோர் மேலும் விழும் பாட்டு வரி என்றார்கள், அது நிற்கவில்லை. டென்மார்க்கில் 2008-ல் டிடிசி என்ற தொலைபேசி நிறுவனம் இணைப்போடு பாட்டைச் சேர்த்துக் கொடுத்தது. சுவீடனில் 2009-ல் டெலியா என்ற தொலைபேசி நிறுவனம் ஸ்பாட்டிஃபையைச் சேர்த்தது. கடைசியில் உலகம் முழுக்கப் பரவியது டென்மார்க்கிலும் சுவீடனிலும் நடந்த இந்த வகைதான்: பொதுவில் பேசி முடிவெடுத்த கட்டணம் இல்லை, இரண்டு நிறுவனங்களுக்கு நடுவில் மூடிய ஒப்பந்தம். கட்டாய வரி வேண்டாம் என்று சொன்னவர்கள் சொன்னது சரி. ஆனால் அது போன இடத்தில் வந்து உட்கார்ந்திருப்பது, யாரும் வாக்களிக்காத, யாருக்கும் தொகை தெரியாத ஒரு கட்டணம்.

நம் நாட்டில் அந்த ஒப்பந்தத்தை வெளியிலிருந்து யாரும் அளக்க முடியாத நிலை. வானொலிக்கும் டிவிக்கும் பாட்டுக் கட்டணத்தைச் சட்டப்படி நிர்ணயிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் 31டி பிரிவு இருக்கிறது. அது இணையத்துக்கும் உண்டு என்று 2016-ல் மத்திய அரசின் துறை ஒரு குறிப்பு வெளியிட்டது. 2019 ஏப்ரலில் மும்பை உயர் நீதிமன்றம், டிப்ஸ் என்ற பாட்டுக் கம்பெனிக்கும் ஏர்டெல்லின் விங்க்குக்கும் நடந்த வழக்கில், இல்லை என்றது. அதனால் இணையப் பாட்டின் விலை இரண்டு நிறுவனங்கள் மேஜையில் பேசிக்கொள்வது. கஸ்டமரும் அந்த மேஜையில் இல்லை, கலைஞரும் இல்லை. விலையை நீங்கள் நிர்ணயிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது உங்கள் வேலையும் இல்லை. பில்லில் அந்த விலை தெரிய வேண்டும் என்பது உங்கள் வேலை.

வீட்டுக்கு வீடு பிரித்தால் எந்த வீடு எதைக் கேட்டது என்று வேவு பார்ப்பார்களே என்று ஒரு கேள்வி வரும். நியாயமான பயம். ஒரு வீட்டில் எந்தச் சாமிப் பாட்டு ஓடுகிறது, எந்தக் கட்சிப் பாட்டு ஓடுகிறது என்பது வெளியே போகக் கூடாத விஷயம். அதற்காக லைனுக்குள் எட்டிப் பார்க்கும் அதிகாரத்தை எந்த நிறுவனத்துக்கும், ஆபரேட்டரான எனக்கும், கொடுக்காதீர்கள். ஆப் ஏற்கெனவே எண்ணிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தக் கணக்கை ஆப்புக்குள்ளேயே முடித்து, இந்தக் கலைஞருக்கு இந்த மாதம் மொத்தம் இவ்வளவு என்ற தொகையை மட்டும் வெளியே அனுப்பினால் போதும். வீட்டின் பெயரோ எண்ணோ அதோடு போக வேண்டியதில்லை. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கத்துக்கும் அது ஒத்துவரும்.

காசு யாரிடம் போக வேண்டும் என்பதற்கும் அமைப்பு இல்லாமல் இல்லை. ஐபிஆர்எஸ் என்ற பதிப்புரிமைச் சங்கம் 1969 முதல் இருக்கிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு 2017-ல் மறுபடி பதிவானது. இப்படிப்பட்ட சங்கங்களின் நிர்வாகக் குழுவில் படைப்பாளிகளும் உரிமையாளர்களும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பாடகர்களுக்கும் தனிச் சங்கம் பதிவாகியிருக்கிறது. ஆனால் எங்கள் தெரு நாயனக்காரரும் தவில்காரரும் இதில் எதிலும் உறுப்பினர் இல்லை. சேரும் படிவம் எங்கே கிடைக்கும், எந்த மொழியில் இருக்கும் என்று யாரும் வந்து சொன்னதில்லை. உறுப்பினர் இல்லாதவர் காசு உறுப்பினர்களுக்குப் பிரிந்துவிடக் கூடாது. பெயர் தெரியாத பதிவுக்குச் சேரும் தொகையை ஒதுக்கி வைத்து, பட்டியலை வெளியிட்டு, உரியவரைத் தேடும் கடமையைச் சங்கத்தின் மேலும் ஆப்பின் மேலும் போட வேண்டும். பதிப்புரிமை உங்கள் துறை இல்லை என்று தெரியும். அதனால் இந்த மடலின் பிரதியைத் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறைக்கும் அனுப்புகிறேன். இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்தால்தான் இது தீரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாரதியார் பாட்டின் உரிமையை 1949-ல் அன்றைய சென்னை மாகாண அரசு வாங்கிப் பிறகு மக்களுக்கே கொடுத்துவிட்டது. அந்த வரிகளுக்கு யாரும் யாருக்கும் காசு தர வேண்டியதில்லை. தேவாரமும் திருவாசகமும் அப்படித்தான். பொதுச் சொத்தான பாட்டுக்கான கட்டணத்தில் எழுத்தாளர் பங்கு என்று ஒன்றைக் கழித்துக் கம்பெனிகள் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பங்கும் அதை வாசித்தவருக்கும் பாடியவருக்கும் சேர்ந்து வரட்டும்.

உங்களிடம் உடனடியாகக் கேட்பது இதுதான். வீட்டு இணைய பிளானோடு பாட்டோ படமோ சேர்த்து விற்கும் எந்த நிறுவனமும், அதன் விலையை பில்லில் தனி வரியாகக் காட்ட வேண்டும், அது இல்லாத பிளானை அந்த விலை குறைத்து விற்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். வசூலிக்கும் செலவுக்கு நிறுவனம் எடுத்துக்கொள்ளும் தொகைக்கு ஒரு உச்சவரம்பு வையுங்கள். எங்களைப் போன்ற ஆபரேட்டர்களுக்கு அதில் கமிஷன் கேட்கவில்லை. லைனுக்குக் கிடைப்பது போதும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, எவ்வளவு வசூல், எவ்வளவு பாட்டு ஆப்புக்குப் போனது, அங்கிருந்து படைப்பாளிகளுக்கும் கலைஞர்களுக்கும் எவ்வளவு என்று நிறுவனங்கள் கணக்கு வெளியிடட்டும். தமிழிலும் வெளியிடட்டும்.

அதற்கு முன் நீங்கள் ஆலோசனை அறிக்கை வெளியிடுவீர்கள், கருத்துக் கேட்பீர்கள். அந்த அறிக்கையைத் தமிழில் போடுங்கள். வழக்கமாக வரும் நிறுவனங்களும் வக்கீல்களும் தில்லியில் வந்து பேசட்டும். கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்றைத் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ வையுங்கள். முகூர்த்தம் இல்லாத மாதமாகப் பார்த்து, மார்கழியிலோ ஆடியிலோ வைத்தால் நாயனக்காரர்களும் தவில்காரர்களும் வர முடியும். கேசட் கம்பெனியோடு போட்ட ஸ்டாம்ப் பேப்பரை வைத்திருப்பவர்கள் அதையும் கொண்டு வருவார்கள். எங்கள் கஸ்டமர்களின் பில்களைப் பெயரை மறைத்து நான் கொண்டு வருகிறேன். மண்டபத்துக்கு இணைப்பு வேண்டுமென்றால் அதையும் நாங்களே போட்டுத் தருகிறோம்.

இப்படிக்கு,
உள்ளூர் கேபிள் மற்றும் ஃபைபர் ஆபரேட்டர் ஒருவர்,
கும்பகோணம் வட்டாரம்.